ஏழாம் தட்டு

என்னை ஏமாற்றியவரின் கையெழுத்து மணிமணியாக இருக்கும். ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவார். ஜெர்மனியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பெயர் கிருஷ்ணராசா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை தரை துடைக்கிற வேலை. அதற்கெல்லாம் முன்னால் இலங்கையில், பரந்தனில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். சங்கக்கடை என்றால் கூட்டுறவுக் கடை என்று அவர்தான் எனக்கு விளக்கினார்.

நான் ஹம்சா. கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு, உதவித்தொகையில் லண்டனுக்கு வந்தவள். 2009-ல் எனக்கு மூன்றாவது வருட ஆராய்ச்சி. உதவித்தொகை அந்த டிசம்பரோடு தீர்ந்துவிடும். அதற்குள் உருப்படியாக ஒரு முடிவைக் காட்டாவிட்டால் பட்டமும் கிடையாது, விசாவும் கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டரை வருடத்தில் என் கையில் இருந்ததெல்லாம் தோற்றுப்போன மூன்று சோதனைகள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு என்னை உடனே கரித்துக்கொட்டாமல் இருப்பதற்காக. கரித்துக்கொட்டுவதென்றால் கடைசியில் கொட்டுங்கள்.

தண்ணீர் நின்றுபோனால் ஒரு நெற்பயிர் தனக்குள் என்ன செய்துகொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பன்னிரண்டு நெல் ரகங்கள். ரகத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்கு நான்கு நாற்று. ஜன்னல் இல்லாத, விளக்கு வெளிச்சத்தில் இயங்கும் வளர்ப்பு அறையில் அவை இருந்தன. ஏப்ரல் இருபதாம் தேதி தண்ணீரை நிறுத்தினேன். இருபத்தெட்டு நாள், ஒரு சொட்டுக்கூட இல்லை. எந்த ரகம் தாக்குப்பிடிக்கிறதோ, அதன் இலையை அரைத்து உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். தட்டு எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பதை அறியத் தினமும் காலை ஆறு மணிக்கு, விளக்கு எரியும் முன், எல்லாத் தட்டையும் நிறுக்க வேண்டும்.

ஆறு மணி! நான் குடியிருந்தது தோர்ண்டன் ஹீத்தில். ரயிலும் பஸ்ஸுமாக ஆய்வுக்கூடம் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். முதல் மூன்று நாள் விடியும் முன்பே எழுந்து ஓடி வந்தேன். மூன்றாம் நாள் தராசின் முன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். அப்போதுதான் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவர் வந்து நின்றார்.

"பிள்ளை, நான் நிறுத்துத் தரட்டோ? அஞ்சு மணிக்கே நான் இஞ்சைதானே நிக்கிறன். இருவது வருசம் அரிசி, சீனி, பருப்பெண்டு நிறுத்த கை இது. ஒரு கிராம் பிசகாது."

வளர்ப்பு அறைக்குள் ஆராய்ச்சியாளர் தவிர வேறு யாரும் போகக் கூடாது. கதவின் எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை. இதெல்லாம் எனக்குத் தெரியும், கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தூக்கம் வேறு விஷயம். ஒரு மஞ்சள் சீட்டில் 'கிருஷ்ணராசா அண்ணைக்கு' என்று தமிழில் எழுதி, கீழே கதவின் நான்கு இலக்க எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பயிர் வாடுகிறது, அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேறு. மண் காய்வதை முதலில் உணர்வது வேர். அது மேலே சேதி அனுப்புகிறது. இலைகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மூடிக்கொள்கின்றன. வளர்ச்சி நிற்கிறது. மூத்த இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிட்டு மூத்ததைக் காயவிடுகிறது. சர்க்கரையையும் புரோலின் என்ற ஒரு பொருளையும் கூடுதலாகத் தயாரித்து, இருக்கிற கொஞ்சத் தண்ணீரை நழுவவிடாமல் பிடித்துவைக்கிறது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அது சும்மா நிக்கேல்லை. உள்ளுக்கை பெரிய நிர்வாகம் நடக்குதெண்டு சொல்லுங்கோ."

"ஆமா அண்ணை, பெரிய நிர்வாகம்தான்."

"ஒரு சொட்டும் விடமாட்டியளோ?"

"விடமாட்டேன். எது சாகுது, எது தாங்குதுன்னு பார்க்கணுமே."

அவர் பன்னிரண்டு தட்டுகளையும் ஒருமுறை பார்த்தார். "ஓம்," என்றார்.

மறுநாளிலிருந்து தராசின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பன்னிரண்டு எண்கள், மணிமணியாக. நான் ஒன்பது மணிக்கு வந்து அவற்றை என் குறிப்பேட்டில் என் கையால் எழுதிக்கொண்டு, சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். குறிப்பேட்டின் கடைசிப் பத்தியில் 'நிறுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஹம்சா என்று எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை கிடையாது. அன்றும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து நிறுத்துவிட்டுப் போவார். அந்த உதவியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அது என்ன ஏப்ரல், என்ன மே என்று லண்டன் தமிழர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாராளுமன்றத்துக்கு எதிரே சதுக்கத்தில், இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்திருந்தார்கள். அவரும் வேலை முடிந்ததும் அங்கேதான் போவார். அவருடைய தங்கை நகுலேஸ்வரி குடும்பத்தோடு வன்னியில், போருக்கு நடுவில் இருந்தாள். மார்ச் முதல் வாரம் கடைசியாகப் போனில் பேசினாளாம், தண்ணீர்க் கஷ்டம் என்றாளாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் "ஏதாவது தெரிஞ்சுதா அண்ணை?" என்று கேட்பேன். "இல்லைப் பிள்ளை," என்பார். பிறகு இரண்டு பேரும் தட்டுகளைப் பார்ப்போம்.

தட்டுகளில் அதிசயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மற்றவை நாளுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் இழந்துகொண்டிருந்தபோது ஏழாம் தட்டு அறுபதுதான் இழந்தது. பதினைந்தாம் நாள் பதினொரு தட்டும் வைக்கோலாகச் சுருண்டுவிட்டன. ஏழு மட்டும் நின்றது. வளரவில்லை, இலைகள் ஒடுங்கின, அடி இலைகள் காய்ந்தன. ஆனால் குருத்து பச்சையாக இருந்தது. இலையை அரைத்துப் பார்த்தால் சர்க்கரையும் புரோலினும் ஏகத்துக்கு ஏறியிருந்தன. புத்தகத்தில் எழுதிவைத்தபடி, துளைகளைச் சீக்கிரம் மூடி, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து, உள்ளே எல்லாவற்றையும் மாற்றியமைத்துக்கொண்டு உயிரைப் பிடித்திருக்கும் ஒரு ரகம். இதற்காகத்தானே இரண்டரை வருடம் தவம் கிடந்தேன்!

இருபத்தெட்டாம் நாள் மே பதினெட்டு. அன்று என்ன நாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வருகிற வழியில் ரயிலில், வன்னியில் போர் முடிந்தது என்ற செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்கள். என்றாலும் அறைக்குள் நுழைந்து ஏழைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் நினைவில் இல்லை. தாழ்வாரத்தில் அவரைக் கண்டு கத்தினேன்: "அண்ணை, ஏழு பொழைச்சிடுச்சு! இருபத்தெட்டு நாள் தாங்கிடுச்சு!" ஒரு சாக்லெட் பெட்டியை அவர் கையில் திணித்தேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லது பிள்ளை," என்றார்.

அந்த 'நல்லது பிள்ளை'யைத்தான் என்னால் பல மாதம் மன்னிக்க முடியவில்லை. அந்த நிமிடத்தில் அவர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

என் பேராசிரியர் பென்ட்லி எளிதில் சிரிக்கிற மனிதரில்லை. ஏழாம் தட்டின் எண்களைப் பார்த்து அவரே என் தோளைத் தட்டினார். செப்டம்பர் மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். உதவித்தொகையை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டாள். ஒரு சம்பிரதாயத்துக்காக, ஜூலை ஒன்றாம் தேதி அதே சோதனையை இரண்டாம் முறை தொடங்கினேன். அதே அறை, அதே பன்னிரண்டு ரகம், அதே மனிதர் நிறுக்கிறார்.

இந்தத் தடவை ஏழாம் தட்டு நாளுக்கு நூற்றைம்பது கிராம் இழந்தது. பன்னிரண்டாம் நாள் சுருண்டது. பதினாறாம் நாள் தொட்டால் உதிர்ந்தது. மற்ற பதினொன்றுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. விதை மாறிப்போனதா, மண் மாறிப்போனதா, விளக்கில் கோளாறா என்று நான்கு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தேன்.

பதினேழாம் நாள் வெள்ளிக்கிழமை, ஆடி முதல் வெள்ளி. அவர் நெற்றி நிறையத் திருநீறோடு ஒன்பதரை மணிக்கு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு டப்பா. முந்தின நாள் மாலையே ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்ப் பொங்கலுக்குக் கொடுத்திருந்தாராம். முகம் இளகியிருந்தது. அத்தனை மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"பிள்ளை, நகுலேஸ்வரி இருக்கிறாள். செட்டிகுளம் அகதி முகாமிலை, தன்ர ரெண்டு பெடியளோட. போன மாசக் கடைசியிலை ஒரு ஆள் மூலமாத் தகவல் வந்தது. ஏழிலை மூண்டு பேர் இருக்கினம்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணை," என்றேன். மனசு செத்துப்போன தட்டில் இருந்தது.

"நேர்த்தி வைச்சால் அது நிறைவேறிக் கோயிலிலை செலுத்துமட்டும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் உங்களிட்டைச் சொல்லேல்லை. தகவல் வருமட்டும் சாகக் கிடக்கிற ஒரு உயிருக்கு நாள் தவறாமல் தண்ணி வாக்கிறன் எண்டு முருகனுக்கு நேர்ந்தனான். என்ர அறையிலை ஒரு பூச்சட்டி வைக்கவும் இடமில்லை. தங்கச்சி வீட்டிலை ஏழு பேர். உங்கட ஏழாம் தட்டைத்தான் எடுத்தனான்."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"நிறுத்து எழுதிப்போட்டு, என்ர பிளாஸ்க் மூடியாலை ஒரு மூடி. ஒரு நாளைக்கு ஒண்டுதான், கூட இல்லை. சோதனை முடிஞ்சு மூலையிலை வைச்ச பிறகும் அதுக்கு வாத்தன், தகவல் வந்த நாளோட விட்டிட்டன். மற்றப் பதினொண்டையும் நான் தொடேல்லைப் பிள்ளை. பன்னிரண்டிலை ஒண்டுதானே எண்டு..."

"ஒன்னுதானேவா?" என் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். "என் மூணு வருஷம் அண்ணை அது! மாநாட்டுக்கு எழுதியாச்சு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. உங்களை நம்பித்தானே உள்ளே விட்டேன்!"

"நீங்கள் கேட்டது நிறை. நிறையிலை நான் ஒரு பொய்யும் எழுதேல்லை." அவர் முகத்திலிருந்த இளக்கம் போய்விட்டது. "ஆனால் பிழை பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னிப்பாவது! பொங்கல் டப்பாவை மேசையில் அப்படியே விட்டுவிட்டு நேரே பென்ட்லியின் அறைக்குப் போனேன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்ற ஒரே எண்ணம்தான். லண்டனில் மூன்று வருடத்தில் மனசு விட்டுத் தமிழில் பேசக் கிடைத்த ஒரே மனிதர். காலையில் என்னோடு சேர்ந்து தட்டுகளைப் பார்த்துக்கொண்டே, என் முதுகுக்குப் பின்னால் தினமும் என் வாழ்க்கையில் ஒரு மூடித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். நான் மகிழ்ந்து குதித்தபோது, அது பொய் என்று தெரிந்தே என் சாக்லெட்டை வாங்கிக்கொண்டவர். ஏழில் மூன்று என்று அவர் சொன்னது அன்று சாயங்காலம் ரயிலில் போகும்போதுதான் என் காதில் விழுந்தது. மற்ற நால்வர் எங்கே என்று நான் கேட்கவே இல்லை.

பென்ட்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துப்புரவுப் பணியாளருக்குக் கதவின் எண் எப்படித் தெரிந்தது?"

"தெரியாது," என்றேன்.

அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வர ஒரு நொடிகூட ஆகவில்லை. எண்ணைக் கொடுத்தவள் நான்தான், நிறுத்ததும் அவர்தான் என்று சொன்னால் ஏழாம் தட்டு மட்டுமல்ல, குறிப்பேடு முழுவதும் குப்பைக்குப் போகும், கூடவே நானும். முதலில் துரோகம் செய்தது அவர்தானே, நான் எதற்காகத் தலையைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் அந்த வாதம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

விசாரணை அடுத்த வியாழக்கிழமை. பென்ட்லி, துப்புரவுக் கம்பெனியின் சூப்பர்வைசர், குறிப்பெடுக்க ஒரு பெண், நான். கிருஷ்ணராசா அண்ணை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றியதை உடனே ஒப்புக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "என் சமய நம்பிக்கை," என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சூப்பர்வைசர் எண்ணைப் பற்றிக் கேட்டார். யாராவது கொடுத்திருந்தால் இது வேறு விஷயம், ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். தானாக எடுத்திருந்தால் இன்றோடு வேலை போய்விடும் என்று நிதானமாக விளக்கினார்.

அந்த மஞ்சள் சீட்டு அவர் பணப்பையில் இருந்தது. அவர் பெயர், என் கையெழுத்து. எடுத்து மேசையில் போட்டால் போதும். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு, தன் உடைந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்துச் சொன்னார்.

"இந்தப் பெண் எண்ணை அழுத்தும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டேன். அவருக்குத் தெரியாது."

குறிப்பெடுத்த பெண் அதை எழுதினாள். எழுதி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க நேரம் இருந்தது. அவள் மெதுவாகத்தான் எழுதினாள்.

வெளியே தாழ்வாரத்தில் தன் லாக்கரைக் காலி செய்துவிட்டு என்னைக் கடந்துபோகும்போது நின்றார். பணப்பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினார்.

"இதைக் கிழிச்செறிஞ்சு போடுங்கோ. இஞ்சத்தைக் குப்பைவாளியிலை போடாதேங்கோ பிள்ளை, ஆராவது பாத்திடுவினம். வீட்டை கொண்டுபோய்ப் போடுங்கோ."

கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. படி இறங்கிப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து பென்ட்லி என்னைக் கூப்பிட்டார். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. என்னை ஊருக்கு அனுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் குறிப்பேட்டை விரித்து வைத்திருந்தார்.

"இந்த எடைகளை எவ்வளவு துல்லியமாக எடுத்திருக்கிறாய்! அந்த மனிதர் ஊற்றியது எவ்வளவு என்று தெரிந்தால் இது வேறொரு சோதனை. அடியோடு தண்ணீர் இல்லாத வயலைவிட, கொஞ்சமே கொஞ்சம் கிடைக்கிற வயல்தான் உலகத்தில் அதிகம். அந்தக் கொஞ்சத்தை வைத்துப் பயிர் எப்படித் தன்னை மாற்றியமைக்கிறது என்று பார். பன்னிரண்டு ரகத்துக்கும் அதே அளவு கொடு. அவர் எவ்வளவு ஊற்றினார்?"

"ஒரு பிளாஸ்க் மூடி."

"அது எத்தனை மில்லிலிட்டர்?"

அதைக் கேட்க நான் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். வெட்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனாலும் போனேன். ஒரு காய்கறிக் கடைக்கு மேலே, மூன்று பேர் பங்குபோட்டுக்கொண்ட அறை. அவர் சொன்னது உண்மைதான்; ஜன்னலுக்கு வெளியே இரண்டு முழத்தில் ஒரு செங்கல் சுவர், பூச்சட்டி வைக்க இடமில்லை. வேலை இன்னும் கிடைக்கவில்லையாம். என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

"அந்தப் பழைய ஏழும் செத்துப்போச்சோ?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணை."

நான் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "மத்த நாலு பேர்?"

"மச்சான், மச்சானின்ர தாய், ரெண்டு பெட்டைப் பிள்ளையள்." அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு என் தொண்டைவரை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அண்ணை, அந்த பிளாஸ்க் மூடியை ஒருதரம் பார்க்கலாமா? எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு அளக்கணும். என் படிப்புக்கு."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். நீல மூடி, விளிம்பில் ஒரு கீறல். அதைத் திருகிக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்து, என் கையில் வைத்தார்.

"கொண்டுபோங்கோ. இப்ப எனக்கு விடிய வெள்ளன எங்கையும் போற வேலை இல்லைத்தானே."

அந்த மூடியின் அளவில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பன்னிரண்டு தட்டுக்கும் நானே தண்ணீர் ஊற்றினேன், ஐந்து மணிக்கே வந்து, நானே நிறுத்து. பன்னிரண்டும் பிழைத்தன. ஏழாம் ரகத்தில் ஒரு விசேஷமும் இல்லை. நாளுக்கு ஒரு மூடி கிடைத்தால் எதுவும் தாக்குப்பிடித்திருக்கும். உதவித்தொகையை நீட்டித்தார்கள். பட்டமும் வாங்கிவிட்டேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் பென்ட்லி, அம்மா, விளக்கு மாற்றிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் என்று ஒன்பது பெயர். அவர் பெயர் இல்லை. போட்டால் ஏன் என்று கேட்பார்களே.

மூடியை வாங்கி வந்த மறுநாள் காலை, ஆய்வுக்கூடத்தில் அதை விளிம்புவரை நிரப்பி அளவுக் குழாயில் ஊற்றினேன். தொண்ணூறு. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் தொண்ணூறு மில்லிலிட்டர். குறிப்பேட்டைத் திறந்தேன். மற்றத் தட்டுகளின் இழப்பு நூற்றைம்பது, ஏழின் இழப்பு அறுபது. கழித்தால் தொண்ணூறு. அவர் நிறுக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் எந்த நாளை எடுத்தாலும் தொண்ணூறு, ஒரு கிராம் முன்னே பின்னே. நேர்த்தி என்றபடியால் வாயால் சொல்லவில்லை. ஆனால் எத்தனை ஊற்றினேன் என்று அந்த மனிதர் தினமும் எனக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான்தான் அதை என் அதிசயம் என்று வாசித்திருக்கிறேன்.

பக்கத்தின் கடைசிப் பத்தியைப் பார்த்தேன். நிறுத்தவர்: ஹம்சா, ஹம்சா, ஹம்சா. தான் தொட்டது எதிலும் பொய் எழுதாத ஒருவர், ஒரே ஒரு பொய் சொன்னார், அதுவும் எனக்காக. நான் அவரைக் காட்டிக்கொடுத்தேன். மஞ்சள் சீட்டு அன்றும் என் கைப்பையில்தான் கிடந்தது. பேனாவும் கையில் இருந்தது. பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, 'தட்டுக்கு நாளொன்றுக்கு 90 மி.லி.' என்று எழுதினேன்.